640 முதல் 649 வரை: அப்போதே எழுதப்பட்டது என்ன மிஞ்சியிருக்கிறது?

ஏட்டுச்சுவடி

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு செய்தி சுற்றியது. தலைப்பு "642 என்னும் மர்ம ஆண்டு". அந்த ஒரே ஆண்டில் வாதாபி விழுந்ததாம், நஹாவந்தில் பாரசீகப் படை நொறுங்கியதாம், அலெக்சாந்திரியாவுக்குள் அரபுப் படை நுழைந்ததாம், கொரியாவில் ஒரு தளபதி தன் மன்னரையே வெட்டினானாம். கடைசியில் சனிப் பெயர்ச்சிக் கணக்கு வேறு. அனுப்பியவர் சித்தப்பா என்பதால் அங்கே வாய் திறக்கவில்லை. இங்கே வந்து கொட்டுகிறேன்.

சனியை விடுங்கள், எனக்கு உறுத்தியது வேறு. இந்த நான்கில் எதை அந்தக் காலத்து ஆளே எழுதி வைத்திருக்கிறான்? நஹாவந்தை விரித்துச் சொல்லும் வரலாற்றாசிரியர்கள் பலாதுரியும் தபரியும் இருநூறு ஆண்டுக்கு மேல் கழித்து எழுதியவர்கள். கொரியக் கதைக்கு எல்லோரும் புரட்டுகிற சாம்குக் சாகி என்ற வரலாற்று நூல் 1145இல் தொகுத்தது.

அதனால் ஒரு விளையாட்டு. 640இலிருந்து 649 வரை, அந்தப் பத்து ஆண்டுக்குள் எழுதப்பட்டதை மட்டும் இங்கே போடுங்கள். கல், தோல், நாணல் எதுவானாலும் சரி. பிற்காலப் படி மட்டுமே கிடைக்கிறது என்றாலும் பரவாயில்லை, மூலம் அந்தப் பத்தாண்டில் எழுதப்பட்டிருந்தால் போதும்.

முதல் போணி நான். பாதாமிப் பாறையில் உள்ள பல்லவக் கல்வெட்டு. பாதாமி என்பது சாளுக்கியத் தலைநகர் வாதாபியின் இன்றைய பெயர். சமஸ்கிருதம், நரசிம்மவர்மனின் 13ஆம் ஆட்சியாண்டு. மோசமாகச் சிதைந்துவிட்டது. ஒன்று கவனியுங்கள்: கல்லில் 642 என்று எதுவும் இல்லை. அவன் 630 வாக்கில் பட்டத்துக்கு வந்தான் என்று வைத்துக்கொண்டு 13ஐக் கூட்டியது நாம்தான். மர்ம ஆண்டின் முதல் தூணே நம் கூட்டல் கணக்கு.

கணக்குப்பிள்ளை

நான் முப்பத்திரண்டு வருடம் ரசீது பார்த்தே பிழைத்தவன். இந்த இழையில் எனக்கும் இடம் உண்டு.

வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் இருக்கிறது. நாணல் தாள். 643 ஏப்ரல் 25 தேதியிட்டது. எகிப்தில் ஹெராக்ளியோபோலிஸ் பக்கம், வந்து இறங்கிய அரபுப் படைக்கு உள்ளூர் அதிகாரிகள் 65 ஆடு கொடுத்திருக்கிறார்கள். அதற்கான ரசீது. மேலே கிரேக்கத்தில், கீழே அரபியில், இரண்டும் "கடவுளின் பெயரால்" என்று தொடங்குகின்றன. அரபிப் பகுதியில் 50 ஆடு ஓர் இனம், 15 ஆடு இன்னோர் இனம் என்று பிரித்துக் காட்டி, கப்பல்காரர்கள், குதிரைப்படை, காலாட்படை எல்லோருக்கும் சேர்த்து என்று எழுதியிருக்கிறது. கூட்டிப் பாருங்கள், 65 சரியாக வரும். எத்தனை அரசு ரசீது இப்படிக் கூட்டினால் வரும் என்று எனக்குத் தெரியும்.

கிரேக்கப் பகுதியை எழுதியவர் யோவான் என்ற எழுத்தர். அவர் தேவாலயத்தில் தியாக்கோனும்கூட, அதாவது குருவுக்கு அடுத்த நிலைத் திருப்பணியாளர். தாளின் பின்பக்கம் இன்னும் சுவையானது: இந்த ஆடுகள் முதலாம் இண்டிக்ஷன் வரியில் கழித்துக்கொள்ளப்படும் என்ற குறிப்பு. இண்டிக்ஷன் என்பது ரோமர்களின், அதாவது கான்ஸ்தாந்திநோபிளிலிருந்து எகிப்தை ஆண்ட கிழக்கு ரோமர்களின், பதினைந்தாண்டு வரிச் சுற்று. அந்தப் பேரரசர் போய்விட்டார், அவருடைய வரிக் கணக்கு போகவில்லை. அதே தாளில் அரபிப் பக்கம் "ஆண்டு இருபத்திரண்டு" என்று போட்டிருக்கிறது. எந்த ஆண்டுக் கணக்கு என்று சொல்லவில்லை. கலீபா உமர் ஹிஜ்ரிக் கணக்கைக் கொண்டுவந்து அப்போதுதான் ஐந்தாறு வருடம். அதற்குள் ஆட்டு ரசீது வரை இறங்கிவிட்டது.

தேநீர்க்கடை

எகிப்து என்றால் அலெக்சாந்திரியா நூலகத்தை அரபுப் படை எரித்ததைச் சொல்லாமல் விடலாமா? நான்காயிரம் குளியல் கூடத்துக்கு ஆறு மாதம் விறகாகப் போட்டார்கள் என்று பள்ளியில் வாத்தியார் சொன்னார்.

நாணல்

சொல்லாமல் விடத்தான் வேண்டும் தோழர். அந்தக் கதை எழுத்தில் தலைகாட்டுவதே 1200 வாக்கில். நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கும் அதற்கும் இடையே ஐந்நூற்றைம்பது ஆண்டு. இந்தப் போரைப் பற்றி விரிவாக எழுதிய நிக்கியு ஊர் ஆயர் யோவான் ஏழாம் நூற்றாண்டுக்காரர், எகிப்தியக் கிறிஸ்தவர். அரபுப் படை செய்த கொலை கொள்ளைகளை அவர் ஒளிக்கவே இல்லை. நூலகம் எரிந்ததாக ஒரு வார்த்தை இல்லை. எரிந்திருந்தால் அவர் விட்டிருப்பாரா?

நடந்தது இவ்வளவு எளிமையான கதையும் இல்லை. அரபுத் தளபதி அம்ரு இப்னுல் ஆஸ் 639 டிசம்பரில் ஏறக்குறைய நான்காயிரம் பேருடன் எல்லை தாண்டினார். பாபிலோன் கோட்டை 641 ஏப்ரலில் விழுந்தது. 641 நவம்பரில் அலெக்சாந்திரியாவின் பிதாப்பிதா, அதாவது பேரரசர் தரப்புத் தலைமை ஆயர், சைரஸ் உட்கார்ந்து பேசி உடன்படிக்கை போட்டார்: பதினொரு மாதத் தவணை, அதற்குள் ரோமப் படை கப்பல் ஏறிவிட வேண்டும். 642 செப்டம்பரில் தவணை முடிந்து அரபுப் படை உள்ளே போனது. சித்தப்பாவின் "விழுந்தது" உண்மையில் வாடகை வீட்டைக் காலி செய்து கொடுத்த மாதிரி. 645இல் ரோமர் திரும்ப வந்து நகரைப் பிடித்து, 646இல் மறுபடி இழந்தார்கள். அது நிஜமான சண்டை.

இன்னொன்று. எகிப்தியக் கிறிஸ்தவர்களின் கோப்து திருச்சபைத் தலைவர் பெஞ்சமின், இந்த சைரஸின் கெடுபிடியில்தான் பத்து ஆண்டுக்கு மேல் பாலைவன மடங்களில் ஒளிந்து திரிந்தார். அவரைப் பயமில்லாமல் வரலாம் என்று எழுத்தில் உறுதி கொடுத்து அழைத்தவர் அம்ரு. கிறிஸ்தவப் பேரரசரிடமிருந்து ஒளிந்த ஆயர், முஸ்லிம் தளபதியின் காலத்தில் ஊர் திரும்பினார். இது கோப்து சபையின் சொந்த வரலாறு சொல்வது.

அப்புறம் விளையாட்டுக்கு என் சீட்டு. சவூதியில் மதாயின் சாலிஹ் பக்கம் வணிகப் பாதையோரம் ஒரு பாறை. அதில் ஓர் ஆள் கீறியிருக்கிறான்: அல்லாஹ்வின் பெயரால், நான் ஸுஹைர், உமர் இறந்த காலத்தில் எழுதினேன், ஆண்டு இருபத்து நான்கு. அவ்வளவுதான். 644 நவம்பரில் மதீனாவில் விடியற்காலைத் தொழுகையில் கலீபா உமரை ஒரு பாரசீக அடிமை குத்திக் கொன்றான். அந்தச் செய்தி வழியில் போன ஒருவன் காதுக்கு வந்திருக்கிறது, கல்லை எடுத்துப் பாறையில் கீறிவிட்டான்.

மல்லைக்காற்று

ஆட்டு ரசீதுக்கும் கிறுக்கலுக்கும் கைதட்டுகிறீர்கள். நம் சிறுத்தொண்டர் யானைப் படையோடு போய் "வாதாவித் தொன்னகரம்" துகளாக்கினார் என்று பெரியபுராணம் தெளிவாகச் சொல்கிறது. புலிகேசியின் முதுகில் வெற்றி என்று எழுதினான் பல்லவன் என்று செப்பேடு சொல்கிறது. அங்கிருந்து கொண்டுவந்த பிள்ளையார் இன்றும் திருச்செங்காட்டங்குடியில் இருக்கிறார். இதெல்லாம் கணக்கில் வராதா? நம்முடையது என்றால் மட்டும் ஏன் இத்தனை சந்தேகம்?

ஏட்டுச்சுவடி

நம்முடையது என்பதால்தான் கூடுதல் சந்தேகம், தம்பி. அடுத்தவன் வீட்டுக் கதையை நான் விரும்பி நம்புவதில்லை, இதை விரும்பி நம்புவேன். அங்கேதான் ஏமாறுவோம்.

வரிசையாகப் பார்ப்போம். முதுகில் வெற்றி எழுதிய வரி கூரம் செப்பேட்டில் இருக்கிறது. நரசிம்மனின் பேரன் பரமேசுவரவர்மன் காலத்தது. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்று மூன்று போர்க்களம் சொல்கிறது. பேரன் தாத்தாவைப் பாடுகிறான். அதிலும் முதுகில் எழுதுவது என்றால் எதிரி புறங்காட்டி ஓடினான் என்ற கவி அலங்காரம், பச்சை குத்தியதாக யாரும் படிக்க வேண்டாம். மணிமங்கலம் தாம்பரம் பக்கம் இருக்கிறது. அதாவது சாளுக்கியன் காஞ்சி வாசல் வரை வந்திருந்தான் என்பதையும் அதே வரி ஒப்புக்கொள்கிறது, அதை யாரும் மேடையில் பேசுவதில்லை.

பெரியபுராணம் பன்னிரண்டாம் நூற்றாண்டு. ஐந்நூறு ஆண்டு. தேநீர்க்கடை அண்ணனின் நூலகத்துக்கு நாணல் சொன்ன அதே இடைவெளி. அங்கே ஒரு நியாயம், இங்கே ஒரு நியாயம் என்று இருக்க முடியாது. ஆனால் சிறுத்தொண்டர் என்ற மனிதர் கற்பனை இல்லை. சம்பந்தர் திருச்செங்காட்டங்குடிப் பதிகத்தில் அவரைப் பெயர் சொல்லிப் பாடுகிறார். பதிகத்தில் வாதாபி இல்லை, அவ்வளவுதான். பிள்ளையார் விஷயம் கோயில் மரபு. ஏழாம் நூற்றாண்டு எழுத்து எதுவும் அதற்குச் சாட்சி இல்லை.

புலிகேசி போரில் மாண்டான் என்று எல்லாப் பாடநூலும் சொல்கிறது. அப்படிச் சொல்லும் கல்வெட்டு ஒன்றும் இல்லை. 642க்குப் பிறகு அவன் பேச்சே இல்லை, அதனால் இறந்திருப்பான் என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். நினைப்பது வேறு, எழுதியிருப்பது வேறு.

திருமலையான்

ஓம், இதிலே எங்கட பக்கமும் ஒரு கதை இருக்கு. ஈழத்து இளவரசன் மானவர்மன் காஞ்சிக்கு ஓடிவந்து நரசிம்மனுக்கு வல்லபன் என்ற சாளுக்கியனோடு நடந்த சண்டையில் துணை நின்றான், பிறகு பல்லவப் படையோடு திரும்பி அனுராதபுரத்துக்கு அரசனானான் என்று இலங்கையின் பாளி வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. அரசனும் அவனும் ஒரே இளநீரைக் குடித்த கதையும் அதில் வரும். நட்பைக் காட்ட அதைவிட நல்ல காட்சி கிடைக்காது.

ஆனால் அண்ணை, விளையாட்டின் விதிப்படி இது தேறாது. எழுதியது பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டில். இன்னொரு இடக்கும் உண்டு. மானவர்மன் பட்டத்துக்கு வந்தது 684 என்று வைக்கிறார்கள். 642இல் வாளெடுத்தவன் நாற்பது வருடம் காத்திருந்தானா? பல்லவன் 668 வாக்கில் போய்விட்டான் என்றால் படை கொடுத்தது யார்? சூளவம்சத்துக்கு இந்தக் கேள்வி எழவே இல்லை. எனக்கு இளநீர்க் கதை பிடிக்கும், ஆனால் அதை வைத்து ஆண்டு கணக்குப் போட மாட்டேன்.

கீழைக்காற்று

என் பங்கு சுவான்சாங், நம் ஊர் யுவான் சுவாங். 645 தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து சீனத் தலைநகர் சாங்கான் திரும்பினார். 657 நூல்கள், இருபது குதிரைச் சுமை. அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுப் போனவர், திரும்பும்போது பேரரசர் தாய்சொங் தண்டிக்கவில்லை, உட்காரவைத்து மேற்கு நாடுகளைப் பற்றி எழுதிக் கொடு என்றார். 646இல் நூல் முடிந்தது. ஆக நூறு சதவீதம் விதிக்குள் வருகிறது.

காஞ்சியைப் பற்றி அதில் என்ன இருக்கிறது தெரியுமா? நூறு விகாரை, பத்தாயிரம் துறவிகள், எண்பது சொச்சம் தேவர் கோயில், சமணர் மிகுதி. அரசன் பெயர் கிடையாது! மாமல்லன் என்றோ பல்லவன் என்றோ ஓர் எழுத்தும் இல்லை. ஆனால் மராட்டிய நாட்டுப் பகுதியில் புலிகேசியைப் பெயர் சொல்லி எழுதுகிறார். போருக்கு முன் வீரர்களுக்கும் யானைகளுக்கும் மது கொடுத்து வெறியேற்றுவார்கள், ஹர்ஷனாலும் இவர்களை அடக்க முடியவில்லை என்கிறார். அவர் 641 வாக்கில் அங்கே போனவர். வாதாபி விழுந்தது அவர் காதுக்கு எட்டவில்லை, எட்டியிருந்தாலும் எழுதவில்லை.

மல்லைக்காற்று கோபப்பட வேண்டாம். அவர் எழுதியது பேரரசருக்கு. படையெடுப்பவனுக்கு எவன் வலியவன் என்பதுதான் முக்கியம். இன்னொரு பக்கம் பௌத்தர். ஹர்ஷன் கன்னோசியில் கூட்டிய பெரிய சபையை அவர் வர்ணிக்கும்போது பாதி ஹர்ஷன் புகழ், மீதி தன் புகழ். அந்தச் சபையில் கோபுரம் தீப்பிடித்தது, ஹர்ஷனைக் கத்தியால் குத்த ஒருவன் பாய்ந்தான், பழி பிராமணர்கள் மேல் விழுந்தது. இதெல்லாம் அவர் வாய்மொழி மட்டுமே. எதிர்த்தரப்பு என்ன சொல்லியிருக்கும் என்று நமக்கு ஒரு ஓலையும் வரவில்லை.

ஹர்ஷன் 647இல் இறந்த கையோடு வந்த சீனத் தூதர் வாங் சுவான்ச்சேயை, அரியணையில் ஏறியிருந்தவன் தாக்கினான். வாங் திபெத்துக்கு ஓடி 1,200 திபெத்தியரையும் 7,000 நேபாளக் குதிரைப்படையையும் கூட்டிவந்து அவனைப் பிடித்து 648இல் சாங்கானுக்குக் கொண்டுபோனார். அங்கே தாய்சொங்கின் கல்லறை முன் வெளிநாட்டு அரசர்களின் சிலை வரிசையில் அவனுக்கும் ஒரு சிலை. சீன நூல்கள் தவிர இந்தியாவில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஒரு படையெடுப்பே நடந்திருக்கிறது, நமக்குத் தெரியாது.

தேநீர்க்கடை

சரி, நூலகத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வாத்தியார் இல்லை இப்போது, கேட்க முடியாது. ஜப்பானில் ஏதோ சீர்திருத்தம் என்று படித்த ஞாபகம், அதுவாவது நிஜமா?

கீழைக்காற்று

பாதி நிஜம், அது இந்த இழைக்கே எழுதி வைத்த கதை. 645இல் இளவரசர் நாகா நோ ஓயேவும் நாகதோமி நோ காமதாரியும் அரசியின் கண்ணெதிரே சோகா நோ இருகாவை வெட்டினார்கள். பௌத்தத்தை அரண்மனைக்குள் கொண்டுவந்து வளர்த்த குடும்பம் சோகா. மறுநாள் இருகாவின் அப்பா எமிஷி வீட்டுக்குத் தீ வைத்து, தானும் மாண்டார். உள்ளே அரச வம்ச வரலாற்று ஏடுகள் இருந்தன, அவையும் போயின. ஒரு தொகுதியை மட்டும் ஓர் ஆள் தீயிலிருந்து இழுத்துக் காப்பாற்றினாராம். தேநீர்க்கடைக்கு ஓர் எரிந்த நூலகம் வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளலாம்.

646இல் தாய்கா சீர்திருத்த ஆணை: நிலமெல்லாம் அரசனுக்கு, நாட்டை மாவட்டமாகப் பிரி, குடிக்கணக்கு எடு. முழு வாசகமும் 720இல் முடித்த நிஹோன் ஷோக்கி என்ற ஜப்பானிய அரச வரலாற்று நூலில் இருக்கிறது. மாவட்டத்துக்கு அதில் 'கோரி' என்பதை ஒரு குறிப்பிட்ட எழுத்தால் எழுதியிருக்கிறார்கள். பல காலம் சண்டை: அந்த எழுத்து அப்போது உண்டா? 1960களில் புஜிவாரா அரண்மனை இருந்த இடத்தைத் தோண்டினார்கள். வரிச் சரக்கில் கட்டும் மரச்சீட்டுகள் கிடைத்தன. 701க்கு முன்னால் எழுதிய சீட்டுகளில் அதே சொல் வேறு எழுத்தில். ஆக 646 ஆணை என்று நாம் படிப்பது பிற்காலத்தில் கை வைத்து மெருகேற்றியது. அரச வரலாற்றைச் சரக்கு மூட்டைச் சீட்டு பொய்யாக்கிவிட்டது.

கணக்குப்பிள்ளை

ஆட்டு ரசீதுக்கு ஓர் அண்ணன் கிடைத்துவிட்டான். கீழைக்காற்று அவர்களுக்கு என் செலவில் காபி.

பழைய செமினாரி

ரசீதைக் கொண்டாடுவதில் எனக்குச் சம்மதம், ஆனால் அந்தக் காலத்தில் எழுதியது என்றாலே உண்மை என்று போய்விடாதீர்கள். 649 அக்டோபரில் ரோமில் லாத்தரன் சங்கம் என்ற ஆயர் கூட்டம் கூடியது. 105 ஆயர்கள். நடவடிக்கைக் குறிப்பு முழுக்கக் கையில் இருக்கிறது, யார் எழுந்து என்ன பேசினார் என்பது உட்பட. கேட்கவே நன்றாக இருக்கிறது அல்லவா?

பின்னணி சொல்லிவிடுகிறேன். இயேசுவின் இயல்பு ஒன்றா இரண்டா என்று 451இலிருந்து சண்டை. எகிப்தும் சிரியாவும் ஒன்று என்றன, தலைநகர் கான்ஸ்தாந்திநோபிளும் ரோமும் இரண்டு என்றன. ஹெராக்ளியஸ் பேரரசர் 638இல் ஒரு பஞ்சாயத்துத் தீர்ப்பு சொன்னார்: இயல்பு இரண்டு இருக்கட்டும், சித்தம், அதாவது விருப்பம், ஒன்று. இரண்டு பக்கமும் ஏற்கவில்லை. 641இல் அவர் போனார். அவர் மணந்தது சொந்தச் சகோதரியின் மகளை. நம் ஊரில் மாமன் முறை என்று பந்தல் போடுவார்கள், அங்கே அது மகாபாவம். அந்த மர்த்தினாவின் நாக்கை அறுத்து, அவள் மகனான பேரரசனின் மூக்கை அறுத்து நாடுகடத்தி, பதினொரு வயதுப் பேரன் கான்ஸ்தான்ஸை உட்கார வைத்தார்கள். அவன் வளர்ந்து 648இல் ஓர் ஆணை போட்டான்: சித்தம் ஒன்று என்றோ இரண்டு என்றோ இனி யாரும் பேசவே கூடாது. ஆயர் பேசினால் பதவி போகும், அதிகாரி பேசினால் வேலை போகும், ஏழை பேசினால் கசையடி. யாரைச் சமாதானப்படுத்த இந்தச் சண்டை தொடங்கியதோ அந்த எகிப்தும் சிரியாவும் அதற்குள் கையை விட்டுப் போயிருந்தன. எனக்கு இந்தப் பத்தாண்டில் மிகப் பரிதாபமான காகிதம் இதுதான்.

போப் முதலாம் மார்த்தின் பேரரசரின் அனுமதிக்குக் காத்திராமல் பதவியேற்று, சங்கம் கூட்டி, ஆணையைக் கண்டித்தார். அதற்காக 653இல் கைதாகி, கருங்கடல் கரையில் செர்சோனில் 655இல் இறந்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த நடவடிக்கைக் குறிப்பு லத்தீனிலும் கிரேக்கத்திலும் இருக்கிறது. ரோமில் கூடியவர்கள் லத்தீனில் பேசி, பிறகு கிரேக்கத்தில் மொழிபெயர்த்தார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள் தலைகீழ் என்றார்கள்: கிரேக்கம்தான் மூலம், லத்தீன் மொழிபெயர்ப்பு. மாக்சிமஸ் என்ற துறவியின் குழு முன்கூட்டியே தயார் செய்த பேச்சுகள் பல அதில் இருக்கின்றன. நம் ஊர்ப் பொதுக்குழுத் தீர்மானம் மாதிரி, கூட்டத்துக்கு முன்பே அச்சுக்குப் போனது. ஆக 649இல் எழுதியதுதான், ஆனால் 649இல் அப்படியே பேசியது இல்லை.

ஒரு வேடிக்கை. பேசக்கூடாது என்ற கான்ஸ்தான்ஸின் ஆணை நமக்குக் கிடைப்பதே, அதைக் கண்டிக்க இந்தச் சங்கம் முழுசாக எடுத்தெழுதியதால்தான்.

நாணல்

அருமை செமினாரி ஐயா. அப்போ எதை நம்புவது?

பழைய செமினாரி

எழுதியவனுக்கு நம்மைப் பற்றி நினைப்பே இல்லாத இடங்களை. 643 நவம்பரில் லொம்பார்து மன்னன் ரோத்தாரி இத்தாலியில் 388 பிரிவுகளில் சட்டம் எழுதினான். முன்னுரையில் பெருமை, அதை ஒதுக்குங்கள். உள்ளே 376ஆம் பிரிவு: சூனியக்காரி என்று சொல்லி அடுத்தவனுடைய வேலைக்காரியைக் கொல்லாதே, ஒரு பெண் உயிரோடிருக்கும் ஆளை உள்ளுக்குள்ளிருந்தே தின்பாள் என்று கிறிஸ்தவன் நம்பக் கூடாது. அப்படி நம்பிக் கொன்றார்கள் என்று இதைவிட வெளிப்படையாக யார் சொல்லப் போகிறார்கள்? இத்தனைக்கும் ரோத்தாரி, ஆரியஸ் என்ற குருவின் கொள்கையைப் பின்பற்றிய கிறிஸ்தவப் பிரிவுக்காரன், ரோமின் கண்ணில் அவனே மதப்பிரஷ்டன்.

மல்லைக்காற்று

கோபம் தணிந்துவிட்டது. ஒன்று மட்டும் கேட்கிறேன். பாதாமிப் பாறையும் பெருமைதானே? வென்றவன் தோற்றவன் ஊரில் வெட்டியது. அதை மட்டும் ஏன் ஏட்டுச்சுவடி அண்ணன் முதல் போணியாக வைத்தார்?

ஏட்டுச்சுவடி

பிடித்துவிட்டாயே தம்பி. பெருமைதான். ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நான் பெரிதாக எடுக்கவில்லை, எங்கே எழுதியிருக்கிறது என்பதைத்தான் எடுத்தேன். காஞ்சியில் உட்கார்ந்து நான் வாதாபியை வென்றேன் என்று எவனும் வெட்டலாம். சாளுக்கியன் தலைநகரப் பாறையில் பல்லவனின் ஆட்சியாண்டைப் போட்டு வெட்ட, உளிக்காரன் அங்கே நின்று நாள்கணக்கில் வேலை பார்த்திருக்க வேண்டும். யாரும் தடுக்கவில்லை. பாறையை யாரும் மணிமங்கலத்திலிருந்து தூக்கிப் போயிருக்க முடியாது.

654 வாக்கில் புலிகேசியின் மகன் விக்கிரமாதித்தன் ஊரைத் திரும்பப் பிடித்தான். அவன் ஏன் அதை முழுசாகச் செதுக்கி எடுக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

திருமலையான்

சித்தப்பாவுக்கு என்ன பதில் போட்டீங்கள் அண்ணை?

ஏட்டுச்சுவடி

ஆட்டு ரசீதின் படத்தை அனுப்பினேன். "எந்தக் கோயில் ஓலை இது, நல்ல நாள் பார்த்து வீட்டில் வைக்கலாமா" என்று கேட்டிருக்கிறார்.